ஊருணியில் தெரிகிறவர்கள்

சாத்தனேந்தல் ஊருணியில் குனிந்தவர் முகம் தெரியாமல் போய், ஊரில் இல்லாதவர் முகம் தெரிய ஆரம்பித்தது ஐப்பசி மாதம் இரண்டாவது வியாழக்கிழமை. மூன்று வருஷம் காய்ந்து கிடந்த ஊருணியை நூறு நாள் வேலையில் தூர் வாரியிருந்தார்கள். ஒரே வார மழையில் பாதிப் படி மூழ்க நிரம்பிவிட்டது. முதல் குடம் மொள்ளக் குனிந்தவள் பஞ்சவர்ணம். அவள் தலை தெரியவேண்டிய இடத்தில் அவள் தம்பி காசிலிங்கம், நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்னை வில்லிவாக்கத்தில், கட்டிலில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தான். என்னடா இப்பிடி நரைச்சுப் போச்சு என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவன் மேல் படாதபடி குடத்தை ஓரமாகச் சாய்த்து நிரப்பிக்கொண்டு, வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். புருஷன் அழகுமலை சாப்பிட உட்கார்ந்தபோதுதான் ஞாபகம் வந்து சொன்னாள். அவர் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஆமாம், மச்சினனுக்கு முன்பக்கம் கொஞ்சம் வழுக்கையும் விழுந்திருக்கிறது என்றார்.

ஒரு வாரத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது, பார்த்துப் பார்த்து அதன் போக்கும் பிடிபட்டுவிட்டது. விடிந்ததிலிருந்து வெயில் பனந்தோப்புக்கு மேலே ஏறும்வரைதான் தெரியும், அதற்கப்புறம் வெறும் தண்ணீர். அவரவர் சொந்தபந்தம் மட்டும்தான் அவரவர் கண்ணுக்கு; அதிலும் யாரை நினைத்துக் குனிகிறோமோ அவர். செத்தவர்கள் வரமாட்டார்கள், ஊர் எல்லைக்குள் இருக்கிறவர்களும் வரமாட்டார்கள். தொட்டில் பிள்ளையைப் பார்ப்பதுபோலக் கொஞ்சம் மேலேயிருந்து, கொஞ்சம் சாய்வாகத் தெரிவார்கள். சத்தம் மட்டும் கேட்காது. டவுனிலிருந்து டிவிக்காரர்கள் வேன் போட்டுக்கொண்டு வந்தார்கள், அவர்கள் காமிராவில் இரண்டு தவளையைத் தவிர வேறொன்றும் விழவில்லை, அதனால் எதையும் ஒளிபரப்பவில்லை. தண்ணீரைப் பாட்டிலில் அடைத்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். ஃப்ளோரைடு கொஞ்சம் கூடுதல், காய்ச்சிக் குடிக்கவும் என்று அறிக்கை வந்தது. ஊர்க்காரர்கள் காய்ச்சிக் குடித்தார்கள்.

ஆனால் பார்த்ததைச் சும்மா வைத்துக்கொள்ள யாருக்குத் தெரிகிறது? திருப்பூரில் இருக்கிற மகன் ஓட்டலில் எச்சில் இலை எடுப்பதைப் பார்த்துவிட்டு ஒருத்தி படியிலேயே விழுந்து, சொல்லிச் சொல்லி அழுதாள். உன் மகன் சூப்பர்வைசர் என்றாயே என்று பக்கத்துப் படிக்காரி கேட்டாள். மலேசியாவில் இருக்கிற புருஷன் யாரோ ஒருத்திக்குத் தலை வாரிவிடுவதை இன்னொருத்தி பார்த்தாள். ஒரு மாதத்தில் இரண்டு மண்டை உடைந்து, நிச்சயம் செய்த கல்யாணம் ஒன்று நின்றபிறகு, ஊர் அய்யனார் கோயில் முன்னால் கூடிச் சூடம் ஏற்றி இரண்டு முடிவு எடுத்தது. தண்ணீரில் பார்த்ததைக் கரையில் பேசக்கூடாது. வெளியூரில் இருக்கிறவர்களுக்கு இந்தச் சேதியைச் சொல்லவும் கூடாது; பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மனுசன் நடிக்க ஆரம்பித்துவிடுவான். ஊருக்கு வருகிறவர்களை மட்டும் அழைத்துக்கொண்டு போய்ச் சூடத்தைத் தொடவைத்துக் காட்டலாம்.

பேசக்கூடாது என்றானபிறகு ஊர் வேறு வழி கண்டுபிடித்தது. மகன் இருமுவதைப் பார்த்த அம்மா ஒன்றும் சொல்லாமல் சுக்குப்பொடி கட்டி பஸ்ஸில் பார்சல் போட்டாள். ஓசூருக்குக் கொசுவலை போனது, துபாய்க்குப் போகிற யாரிடமோ இடுப்புவலித் தைலம் போனது. வாங்கியவர்களெல்லாம், எப்படித்தான் தெரிகிறதோ, பெற்ற மனசு என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டார்கள்.

காசிலிங்கத்துக்குத் தை மாதக் கடைசியில் வந்தது ஒரு குடை. நீளக் காம்பு வைத்த கறுப்புக் குடை. சென்னையில் மழைக்காலம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. "உங்க அக்காவுக்குக் காலண்டர் தெரியாதா?" என்று அவன் மனைவி சுகந்தி சிரித்தாள். அவனும் சிரித்தான். ஆனால் மறுநாளிலிருந்து அதை எடுத்துக்கொண்டுதான் போனான், ஏனென்றால் அவனுக்கு அது தேவையாக இருந்தது.

கார்த்திகை முதல் வாரத்தில் அவனுக்கு வேலை போய்விட்டது. அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்தவன். ஒரு சாயங்காலம் கூப்பிட்டு, கைகொடுத்து, அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டில் சொல்லவில்லை, ஏனென்றால் மகள் ஆதிரைக்குப் பிறந்தநாள். அடுத்த நாள் சொல்லவில்லை, ஏனென்றால் கேக் மிச்சமிருந்தது, வீடு சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் நாள் சொல்லவில்லை, ஏனென்றால் முதல் நாள் சொல்லவில்லை. அதற்கப்புறம் காலை ஏழரைக்கு அதே பையோடு இறங்கி, அதே ரயிலில் ஏறி, அம்பத்தூரில் இறங்காமல் கடந்து, ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கி, பிளாட்பாரத்தின் கூரை முடிந்து வெயில் தொடங்குகிற இடத்தில் கிடந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, சாயங்காலம் வரை இருந்துவிட்டு வந்தான். கம்பெனி கடைசியாகக் கொடுத்ததிலிருந்து எடுத்து ஒன்றாம் தேதிகளில் சம்பளம் என்று கொடுத்தான்.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அவன் யோசித்ததெல்லாம் ஒன்றுதான். நான் பொய் சொல்கிறேனா, உண்மையைத் தள்ளிப்போடுகிறேனா? வெட்கம் வேலை போனதற்கா, இல்லை, வேலை போனபிறகு எனக்குள்ளே தேடினால் ஒரு ஸ்டோர்கீப்பரைத் தவிர வேறு யாருமே இல்லாததற்கா? ரயில்கள் வந்தன, ஆட்கள் இறங்கினார்கள், ஒரு கண்ணும் அவன்மேல் நின்றதில்லை. உலகத்தில் யார் பார்வையும் படாத ஒரு சதுர அடியில் இருக்கிறோம் என்று நினைத்தான். அது நரகமாக இருந்தது, அதுவே அவனுக்கு ஒரே நிம்மதியாகவும் இருந்தது.

பங்குனியில் பஞ்சவர்ணம் போனுக்குமேல் போன் போட்டாள். விசேஷம் ஒன்றுமில்லை, சனி ஞாயிறு வந்துவிட்டுப் போங்கள் என்றாள். அவன் சாக்குச் சொன்னான். சுகந்தி விடவில்லை, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்கள் ஊரில் மொத்தமாகப் பத்து நாள் இருந்திருக்கமாட்டேன் என்றாள். கோயம்புத்தூரில் படிக்கிற மகன் செழியனுக்குப் பரீட்சை, அவன் வரவில்லை. மூன்று பேரும் வெள்ளிக்கிழமை பஸ் ஏறி, சனிக்கிழமை விடியும்போது சாத்தனேந்தல் விலக்கில் இறங்கினார்கள்.

காப்பிக்கு முன்னாலேயே பஞ்சவர்ணம் அவர்களை அய்யனார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், எரிகிற சூடத்தின்மேல் கைகாட்டச் சொல்லி, சொல்லவேண்டியதைச் சொன்னாள். கோழி முட்டையிட்டதைச் சொல்கிற குரலில்தான் சொன்னாள். ஆதிரை நம்பாமல் அப்பாவைப் பார்த்தாள். காசிலிங்கத்துக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பஸ்ஸில் கழுத்துப் பிடித்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஊருணிப் படியில் இறங்கினார்கள். படி நெடுக ஆட்கள், குடத்தை இடுப்பில் வைத்தபடி, பல் விளக்கிய குச்சியைக் கையில் வைத்தபடி, ஒருத்தரையொருத்தர் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காற்றில்லை. பேச்சுமில்லை.

"அண்ணி, எங்க அண்ணன்." சுகந்தி தண்ணீரைக் காட்டினாள். திண்டிவனத்தில் அவள் அண்ணன் தையல்கடைக் கதவைத் தூக்கிவிட்டு, மிஷினைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாக அவரோடு பேச்சுவார்த்தை கிடையாது. அவள் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

காசிலிங்கம் குனிந்தான். பச்சைத் தண்ணீர்தான் இருந்தது. பிறகு பச்சைக்குள்ளேயிருந்து ஒரு மொட்டைமாடி மேலே வந்தது, கொடியில் துணிகள், தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்கு முதுகைக் கொடுத்துச் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த அவன் மகன். செழியன் கண்ணை மூடியிருந்தான். வாய் அசைந்தது. வலது கை தொடையில் தட்டித் தட்டித் திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவன் பாடுகிறான் என்பது காசிலிங்கத்துக்கு விளங்கியது. பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளை பாடும் என்பது அவனுக்குத் தெரியாது. எந்தப் பாட்டு என்பதும் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சின்னக் கழுத்தில் நரம்பு புடைத்து, முகம் நிமிர்ந்து, எதற்கோ நெருங்கிப் போய் அதைத் தொட்டுவிட்டதுபோல் உதடு நின்றபோது, காசிலிங்கத்தின் மயிர்க்கால்களெல்லாம் எழுந்து நின்றன. கோயில் கர்ப்பகிரகத்தில் திரை விலகும்போது நிற்பதுபோல அவன் கைகள் தாமாகச் சேர்ந்துகொண்டன. மகனைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறோம் என்று உணர்ந்து கையை இறக்கினான்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. 

மெல்லத் திரும்பிப் பார்த்தான். அக்கா, மச்சான், பெரியப்பா மகன் சுப்பையா, சுப்பையா பெண்டாட்டி, சின்னம்மா வீட்டு ஆட்கள். கீழத்தெருவில் பாதி அவனுக்குச் சொந்தம். பாதித் தெருவும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது.

சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்கு ஒரு யோசனை தோன்றி முகமே மலர்ந்துவிட்டது. "என்னங்க, நீங்க மட்டும் நாளைக்குக் கிளம்புங்க. நானும் ஆதிரையும் செவ்வாக்கிழமை வர்றோம். திங்கட்கிழமை காலையில இங்க வந்து நின்னு உங்களப் பாக்கணும். இருபத்திரண்டு வருஷமா அந்த ஆபீஸ் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. ஒரு தடவையாச்சும் நீங்க சீட்ல உக்காந்திருக்கிறதப் பாக்கணும்."

தண்ணீர் மொள்கிற சத்தம் நின்றது. சுப்பையா பல்குச்சியைக் கடித்தபடி பனைமரங்களைப் பார்க்க ஆரம்பித்தான். சின்னம்மா மகள் காலியான குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறிப் போனாள். அழகுமலை மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "காப்பி ஆறிப்போகும், வாங்க" என்றார். காப்பி இன்னும் போடவேயில்லை.

மத்தியானம் கொல்லையில் பஞ்சவர்ணம் அயிரை மீனை உப்புப் போட்டு உரசிக்கொண்டிருந்தாள். காசிலிங்கம் போய் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டான்.

"கொடை எப்ப வந்துச்சு?" என்றாள் அவள், மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதற்குமேல் அவன் கேட்கவேண்டியிருக்கவில்லை. தையில் அல்ல, கார்த்திகையிலேயே தெரிந்திருக்கிறது. தையில் வெயில் பெஞ்சுக்கு வந்ததைப் பார்த்துத்தான் குடை அனுப்பியிருக்கிறாள். சூடம் தொட்டவள் அதற்குமேல் சொல்லமாட்டாள். அவன் கெஞ்சினான். சுகந்தியை எப்படியாவது நாளைக்கு என்னோடு அனுப்பிவிடு, ஊரில் அம்மை போட்டிருக்கிறது என்று சொல், ஏதாவது சொல் என்றான்.

"அவளப் போகச் சொல்லவும் மாட்டேன், இருக்கச் சொல்லவும் மாட்டேன். அது ஓன் பாடு."

"சிரிக்கிறியா அக்கா?"

"சிரிக்கிறேனா?" அவள் கையை உதறிவிட்டு முதல்தடவையாக நிமிர்ந்தாள். "நான் காலையில நிக்கிற படி எதுன்னு கண்டியா? கடைசிப் படி. தண்ணி கொறஞ்சுக்கிட்டே போகுது, நானும் ஒவ்வொரு படியா எறங்கிக்கிட்டே போறேன். ஓங்க மச்சானும் வாராக. சுப்பையா வாரான். சோத்த வடிச்சுட்டு ஓடி வந்து பாக்குறா அவன் பொண்டாட்டி. எதுக்குன்னு நெனைக்கிறே? வேடிக்க பாக்கவா?" குரல் தாழ்ந்தது. "ஒத்தையா இருக்கான்டா அவன், கூட நிப்போம்னுதான்."

காசிலிங்கம் மீன்வாளியைச் சுற்றி வந்த பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலரை மாதம், ஞாயிறு போக ஒவ்வொரு நாளும், யாருமில்லாத பெஞ்சு என்று அவன் நினைத்து உட்கார்ந்திருந்த காலைகளில் எல்லாம், தலைக்கு மேலே ஒரு தெருவே குனிந்து நின்றிருக்கிறது. அவன் மூக்கைச் சிந்தியபோது நின்றிருக்கிறது. ஒருநாள் யாருமில்லை என்று குலுங்கி அழுதபோது, அப்போதும் நின்றிருக்கிறது. வானத்தை நிமிர்ந்து பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போனார்கள். ஒரு வீட்டில் கேட்காமலேயே இரண்டாம் தடவை கறி வைத்தார்கள். இன்னொரு வீட்டில் ஃபேனுக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு, அவனை உட்காரவைத்துவிட்டு வீட்டுக்காரர் வெயிலில் நின்றார். சுப்பையா அவன் கையைப் பிடித்தவன் விடாமல், மழையைப் பற்றி, மிளகாய் விலையைப் பற்றி, எதையெதையோ பேசிக்கொண்டே நின்றான். பெஞ்சைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்க ஊர் ஆளுங்களுக்கு உங்கமேல இவ்வளவு பாசம்னு சொல்லவேயில்லையே என்றாள் சுகந்தி. எனக்கே தெரியாது என்றான் அவன். அது பொய்யில்லை.

இடையில் தோட்டத்துப் பக்கம் ஒதுங்கி, பழைய கம்பெனியில் கூட வேலை பார்த்த டேனியலுக்குப் போன் போட்டான். டேனியல் இப்போது வேறொரு கம்பெனியில் வேலையில் இருந்தான். நாளைக்குக் காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை உன் மேஜையில் உட்கார்ந்துகொள்ளலாமா என்று கேட்டான். டேனியல் ஏன் என்று கேட்கவில்லை. வாங்கண்ணே, கம்ப்யூட்டரையும் ஆன் பண்ணி வைக்கிறேன் என்றான். போனை வைத்ததும் காசிலிங்கத்துக்கு மூச்சு வந்தது. ஒரு மணி நேரம்தான். அதற்குள் வெயில் ஏறிவிடும். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மனுசன் நடிக்க ஆரம்பித்துவிடுவான் என்று ஊர் சொன்னது அவனைப் பற்றித்தான்.

சாயங்காலம் விலக்கில் பஸ் வந்து நின்றது. எத்தனை மணிக்கு சீட்டில் உட்காருவீர்கள் என்று சுகந்தி கேட்டாள், அதற்கு முன்னாலேயே வந்து நிற்கவேண்டும் என்றாள். அவள் தலையில் அக்கா வைத்துவிட்ட கனகாம்பரம். எட்டரைக்கு என்றான். அதற்குமேலும் ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. கண்டக்டர் விசில் ஊதினார், ஏறிக்கொண்டான். ஜன்னல் வழியே பார்த்தபோது அவள் கையாட்டிக்கொண்டிருந்தாள், கல்யாணமான புதிதில் ஆட்டியதுபோல.

திங்கட்கிழமை காலை வீட்டுக்குப் போய்க் குளித்து, நல்ல சட்டையாக எடுத்துப் போட்டுக்கொண்டு, ரயில் ஏறினான். டேனியல் ஆபீஸுக்கு அம்பத்தூரில் இறங்கவேண்டும். அம்பத்தூரில் ரயில் நின்றது. அவன் கதவருகில்தான் நின்றிருந்தான். இறங்குகிறவர்கள் அவனை இடித்துக்கொண்டு இறங்கினார்கள். கடைசிப் படி வரைக்கும் இறங்கி நிற்கிற அக்காவை நினைத்தான். கணுக்காலுக்குத் தண்ணீர் வர நின்று, நேற்றுவரை பெஞ்சில் பார்த்த தம்பியை இன்றைக்கு யாருடைய மேஜையிலோ பார்த்து, ஒன்றும் சொல்லமுடியாமல், பக்கத்தில் சந்தோஷப்படுகிற சுகந்தியின் முகத்தைப் பார்க்கப்போகிற அக்காவை. ரயில் நகர்ந்தது. இறங்கவில்லை என்பது நகர்ந்தபிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

பெஞ்சு காலியாக இருந்தது. எட்டு இருபத்தைந்து. வழக்கம்போல நடுவில் உட்கார்ந்தான். புறாக்கள் இரண்டு தண்டவாளத்தில் எதையோ பொறுக்கின. இப்போது வந்திருப்பார்கள். சத்தம் போகாது, அதனால் சொல்ல ஒன்றுமில்லை. எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தால் தண்ணீருக்கு நேரே இருக்கும் என்பதும் தெரியவில்லை. கொஞ்சம் மேலேயிருந்து, கொஞ்சம் சாய்வாக. அவன் முகத்தைத் தூக்கினான். பங்குனி வானம் ஒரு மேகமில்லாமல், ஆழம் தெரியாமல், தலைக்கு மேலே நின்றது. அதற்குள் எங்கோ ஒரு படித்துறை இருந்தது, அதில் ஒவ்வொருவராக நின்றிருந்தார்கள், அவர்கள் நடுவில் சுகந்தி இருந்தாள். கண் கூசியது. ஆனாலும் இறக்கவில்லை. மறைத்துவைத்த முகம் எதுவோ அதைத்தான் காட்டினான். பார், இதுதான் என் சீட்.

எட்டரை ரயில் வந்து போனது. எட்டேமுக்கால் வந்து போனது. அவன் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவு இடம் விட்டு, அந்த இடத்திலிருந்த சருகுகளைக் கையால் தள்ளித் துடைத்தான். பிறகு அண்ணாந்தே இருந்தான். பிளாட்பாரத்தில் இறங்கிய ஓர் அம்மாள் அவன் எதைப் பார்க்கிறான் என்று தானும் மேலே பார்த்துவிட்டுப் போனாள்.

வெயில் பனந்தோப்புக்கு மேலே ஏறியிருக்கும். ஒன்பது மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. எடுத்தான். அந்தப் பக்கம் ஒரு காகம் கத்தியது, யாரோ குடத்தைக் கீழே வைத்தார்கள், பிறகு ஒன்றுமில்லை. சுகந்தி மூச்சு விடுவது மட்டும் கேட்டது. 

"நாளைக்குக் காலையில வந்துடுவோம்" என்றாள் கடைசியில். மூக்கடைத்த குரல். "ஆதிரைய வீட்ல விட்டுட்டு நேரா வரேன். எந்த ஸ்டேஷன்ல எறங்கணும்?"

நாலரை மாதமாக அவன் வாயால் யாரிடமும் சொல்லாத பெயர் அது. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான்.

"செவ்வாப்பேட்டை ரோடு."